அயர்லாந்து ஸ்டூவும் செல்லியம்மனும்

பர் துபாய்
12.4.2004

அன்பு கனகாவுக்கு,

நான் சுகம். அம்மா பக்கத்தில் நின்றால் போனில் உனக்குப் பேச்சு வராது என்பதால் இந்தக் கடிதம்.

வேலை நிலைத்துவிட்டது. அயர்லாந்துக்காரர் வீட்டில் நான்தான் முழுச் சமையல். அந்த மேடமும் உன்னைப் போலவே மாசமாக இருக்கிறார். அதனால் அடிக்கடி அவர்கள் ஊர் ஸ்டூதான். எலும்போடு ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம், கொஞ்சம் பார்லி, எல்லாம் ஒரே சட்டியில் போட்டுச் சிறுதீயில் விட வேண்டும். மிளகாயும் இல்லை, தாளிப்பும் இல்லை. நம் ஊரில் காய்ச்சல்காரன்கூட முகத்தைச் சுளிப்பான்.

ஆனால் அதன் சத்தைக் கேட்டால் அசந்துபோவாய். மேடம் புத்தகம் பார்த்துச் சொல்வதை டிரைவர் சுஐபு எனக்குத் தமிழில் சொல்வான். கறியில் புரதம், கேரட்டில் கண்ணுக்கு வேண்டியது. வெந்த தண்ணீரைக் கொட்டாததால் சத்தெல்லாம் சாற்றிலேயே நிற்குமாம். கீரை இரும்பைவிடக் கறி இரும்பு உடம்பில் சீக்கிரம் சேருமாம். மேடத்தின் கன்னத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

நேர்த்திக்கடனை மறக்காதே. நான் ஊரோடு திரும்பும்வரை நீ கவிச்சி தொடமாட்டாய் என்று நான் செல்லியம்மனிடம் நேர்ந்த பிறகுதான் எனக்கு விசா வந்தது. முட்டையும் கூடாது.

உன் அன்பரசன்

மேலப்பட்டி
3.5.2004

அன்புள்ள மச்சானுக்கு,

கனகா எழுதிக்கொண்டது. ஸ்டூவைப் படித்து நாக்கில் எச்சில் ஊறியது. பசித்தவளுக்கு எழுதுகிற கடிதமா அது?

நர்சம்மா என் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, உடம்பில் ரத்தமே இல்லை என்று சத்தம் போட்டார். மாத்திரை போட்டால் வாந்தியாக வருகிறது. ஈரல், கறி, முட்டை சாப்பிடச் சொல்கிறார். பக்கத்தில் நின்ற அத்தை நேர்த்தி என்று சொன்னதும் நர்சம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

பூசாரியிடம் கேட்டேன். நேர்ந்தவரே கவிச்சியை விட்டு நேர்த்தியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டால் அம்மன் பிள்ளைத்தாய்ச்சியை விட்டுவிடுவாளாம். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் மச்சான். எனக்காகக் கேட்கவில்லை. உள்ளே பிள்ளை அசைவதே குறைவாக இருக்கிறது, பயமாக இருக்கிறது.

உங்கள் கனகா

பர் துபாய்
24.5.2004

கனகாவுக்கு,

யோசித்துத்தான் பேசுகிறாயா? நான் கவிச்சியை விட்டால் ஸ்டூவை ருசி பார்ப்பது யார்? மறுநாளே கலாஸ், வேலை முடிந்தது என்று அனுப்பிவிடுவார்கள். நான் ருசி பார்ப்பது தொழில், சாப்பிட்ட கணக்கில் சேராது.

கறி இல்லாமல் அதே ஸ்டூவைச் செய்துகொள். கேரட்டிலும் உருளையிலும் சத்து இல்லையா? என் அம்மா நாலு பெற்றது முருங்கைக் கீரையில்தான். நர்ஸ் பேச்சைக் கேட்டு என் பிழைப்பில் மண்ணைப் போடாதே.

அன்பரசன்

மேலப்பட்டி
9.8.2004

மச்சானுக்கு,

பெண் பிள்ளை. நாள் நிறையாமல் பிறந்தது. அழவே இல்லை. வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள், பிள்ளையும் அதே நிறத்தில் இருந்தது. எனக்கு ரத்தம் ஏற்றினார்கள். கொடுத்தது கார்மேகம் அண்ணன். இப்போது அண்ணன் வீட்டில் இருக்கிறேன்.

பிள்ளைக்கு உங்கள் நெற்றி.

கனகா

பர் துபாய்
2.9.2004

கனகாவுக்கு,

அம்மா எல்லாவற்றையும் போனில் சொன்னாள். உன் அண்ணன் வீட்டில் எலும்புச் சாறு குடிக்கிறாயாமே. இன்றைக்குக் குடிக்கிறவள் அன்றைக்கும் திருட்டுத்தனமாகத் தின்றிருப்பாய். அதனால்தான் அம்மன் பிள்ளையை எடுத்துக்கொண்டாள். மேடத்துக்கு ஆண் குழந்தை, கொழுகொழுவென்று இருக்கிறது. அவர்கள் சொன்ன பேச்சைக் கேட்டுச் சாப்பிட்டார்கள்.

மொட்டை போட்டு, வீட்டுக்குத் திரும்பி, நேர்த்தியைப் புதிதாக ஆரம்பி. மன்னித்துவிடுகிறேன்.

அன்பரசன்

மேலப்பட்டி
21.9.2004

அன்பரசனுக்கு,

பிள்ளையைப் புதைக்கும்வரை நான் ஒரு முட்டையைக்கூடத் தொடவில்லை. அதை நினைத்தால் என்மேல்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. திருடியாவது தின்றிருக்க வேண்டும்.

கோயிலுக்குப் போனேன். மொட்டை போடவில்லை. ஊர்க்காரர்கள் முன்னால், நீ விட்டுப்போன வேட்டியை உனக்குப் பதிலாகச் சந்நிதியில் விரித்து, பூசாரி அதில் மஞ்சள் துணி முடிந்தார். நேர்ந்தவனே இனிச் சுமக்கட்டும் என்று சூடம் அணைத்துச் சொன்னேன். உன் அம்மாவும் நின்றாள். அழுதாள், ஆனால் தடுக்கவில்லை.

ருசி பார்த்தது கணக்கில் சேராது என்று எனக்கு எழுதினாய். செல்லியம்மனிடமும் சொல்லிப் பார். கரண்டியை வாயில் வைத்தால் அவள் கேட்பாள், வைக்காவிட்டால் மேடம் கேட்பார். எதுவானாலும் அங்கேயே இரு. இங்கே வந்தால் என் அண்ணன் வாசலில் நிற்காதே.

கனகா