பன்னிரண்டு குப்பங்களின் அபாயச் சங்கைத் தங்கள் முன்னிலையில் சோதிக்கக் கோரி

அனுப்புநர்:
அ. ஜாக்குலின்,
கணினி அறிவியல் விரிவுரையாளர்,
மாதாகுப்பம், கடப்பாக்கம் அஞ்சல்,
செய்யூர் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
செங்கல்பட்டு.

பொருள்: கடலோர அபாயச் சங்கு ஊதாதது – இயக்குபவர் மீது பழி – இயந்திரத்தைச் சோதிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த 05.10.2025 மாலை 5.50-க்கு எங்கள் குப்பத்தில் கடல் ஏறியது. நான்கு படகுகள் உடைந்தன. லட்சுமணன் என்பவரின் கால் முறிந்தது. நாற்பது நிமிடம் முன்பே எச்சரிக்கை வந்தும் சங்கு ஊதவில்லை. சங்கை இயக்கும் என் தம்பி ஸ்டான்லி பொத்தானை அழுத்தவில்லை என்று கூறி, பராமரிக்கும் தனியார் நிறுவனம் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. லட்சுமணன் வீட்டார் இன்றுவரை எங்களிடம் முகம் கொடுப்பதில்லை.

2. அன்று மாதா தேர்பவனி. தினமும் ஐந்து மணிக்கு ஒத்திகைக்காக ஊதும் சங்கு, ஜெப நேரத்தில் வேண்டாம் என்று ஊரார் கேட்டார்கள், நிறுவனமும் அனுமதித்தது. அந்த விண்ணப்பத்தை எழுதியவள் நான்தான். ஸ்டான்லி 4.30-க்கு இயந்திரத்தை மௌன நிலைக்கு மாற்றினார். 5.10-க்கு எச்சரிக்கை வந்தது; மௌன நிலையில் அது திரையில் தெரியாது. 5.30-க்குத் தயார் நிலைக்குத் திருப்பியதும் அதைத் திரையில் கண்டு பொத்தானை அழுத்தினார். பிறகு கரைக்கு ஓடிக் கத்தினார். பேண்டு வாத்தியத்தில் அது எவர் காதிலும் விழவில்லை.

3. தூங்கிவிட்டாயா என்று நானும் அவரை மூன்று நாள் கேட்டேன். "அமுக்கினேங்கா. அமுக்கிகினே இருந்தேன். அது கம்முனு கீது" என்பதையே அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நான்காம் நாள்தான் அவருக்குக் கொடுத்திருந்த கையேட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

4. இயந்திரத்துக்குள் இருக்கும் பல்லாயிரம் வரி நிரலை நான் பார்த்ததில்லை. அது எந்தெந்த நிலைகளில் இருக்கக்கூடும் என்பதை மட்டும் ஏழு வட்டங்களாகவும், ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் விதிகளை அம்புக்குறிகளாகவும் வரைந்தேன். அந்த மாதிரியைக் கணினியில் ஏற்றி, போகக்கூடிய எல்லா வழிகளிலும் போக வைத்தேன். ஒரு வழி முட்டுச்சந்தில் நின்றது. கையேட்டின் பக்கம் 18: மௌன நிலையில் வரும் எச்சரிக்கை பதிவேட்டில் ஏறும். பக்கம் 44: பதிவேட்டில் ஏறிய எச்சரிக்கைக்கு மறுபடி சங்கு ஊதாது. தனித்தனியே இரண்டும் சரியான விதிகள். சேர்ந்தால், எத்தனை முறை அழுத்தினாலும் சங்கு ஊதாது. ஸ்டான்லி போன வழி அதுதான்.

5. இதை நிறுவனப் பொறியாளரிடம் காட்டினேன். "பேப்பர்ல வட்டம் போட்டுகினு வந்து மெஷினுக்கே கிளாஸ் எடுக்கிறியாம்மா?" என்றார். நாற்பது முறை சோதித்தோம், நாற்பது முறையும் ஊதியது என்றார். அந்த நாற்பதும் தயார் நிலையிலிருந்து தொடங்கியவை. வீண் பீதி கிளப்பியதாக நான் மன்னிப்புக் கடிதம் தந்தால், தம்பிக்கு வேறு ஊரில் வேலை தருவதாகவும் சொல்லப்பட்டது. கடிதத்தை அவர்களே தட்டச்சு செய்து அனுப்பியிருக்கிறார்கள். நான் கையெழுத்திடவில்லை, இடப்போவதுமில்லை.

6. இதே இயந்திரம் இன்னும் பதினொரு குப்பங்களில் இருக்கிறது. தீமிதி, சந்தனக்கூடு, தேர்பவனி என்று எல்லா ஊரிலும் சங்கை நிறுத்தச் சொல்லும் ஒரு நாள் உண்டு. இது மழைக்காலம்.

7. எனவே, தாங்கள் எங்கள் குப்பத்துக்கு வந்து, இயந்திரத்தை மௌன நிலைக்கு மாற்றி, ஓர் எச்சரிக்கை அனுப்பி, தயார் நிலைக்குத் திருப்பி, தங்கள் கையாலேயே பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டுகிறேன். சங்கு ஊதினால், ஊரார் முன்னிலையில் அங்கேயே மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திடுகிறேன். ஊதாவிட்டால், பன்னிரண்டு இயந்திரங்களையும் திருத்த உத்தரவிட வேண்டும். "பணியில் அலட்சியம்" என்று என் தம்பியின் கோப்பில் எழுதியவர்களே அதை அடித்து நீக்க வேண்டும்.

தங்கள் வருகைக்குக் காத்திருக்கும்,
அ. ஜாக்குலின்

இடம்: செங்கல்பட்டு
நாள்: 27.10.2025

இணைப்பு:
ஏழு வட்டங்கள் கொண்ட படம்
கையேட்டின் 18, 44ஆம் பக்கங்கள்
மன்னிப்புக் கடிதம் (கையெழுத்து இல்லாமல்)