வலி தெரியாமல் செய்தவனுக்கு

கடந்த செவ்வாய்க்கிழமை என் வாழ்க்கையின் போக்கையே மாற்றக்கூடிய ஒரு முடிவை எடுத்தேன். பல் பிடுங்கிக்கொள்ளும்போது டிவி பார்ப்பதில்லை என்பதே அந்த முடிவு. பாண்டிச்சேரியில் அந்தப் பல் டாக்டர், நாற்காலிக்கு நேர் மேலே கூரையில் ஒரு டிவியை மாட்டி வைத்திருக்கிறார். நாம் அண்ணாந்து காமெடி பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் கீழே வேலையை முடித்துவிடுவாராம். "போடட்டுங்களா சார்? வலியே தெரியாது" என்றாள் உதவிக்கு நின்ற பெண். தீர ஆலோசித்து, வேண்டாம் என்றேன். வாயில் பஞ்சு இருந்ததால் கையால்தான் சொல்ல முடிந்தது.

வலித்தது. வலியோடு உன் ஞாபகமும் வந்தது. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. இப்போதும் பிரியத்தால் எழுதவில்லை.

நம் உப்பளத்து வழக்கத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதன் பெருமையெல்லாம் உன்னுடையது. மழைக்காலம் முடிந்து முதல் உப்பு வாரும் நாட்களில், வெடித்த குதிகாலோடு பாத்தியில் இறங்கினால் உயிர் போய் உயிர் வரும். அதற்கு மரக்காணத்தார் கண்டுபிடித்த மருந்து களிம்பு அல்ல, பேச்சு. கால் வெடித்தவனுக்குப் பக்கத்தில் ஒரு வாயாடியை நிறுத்துவார்கள். அவன் பேசிக்கொண்டே வாருவான், இவன் கேட்டுக்கொண்டே வாருவான். கொஞ்ச நேரத்தில் எரிச்சல் போன இடம் தெரியாது. காலேஜ் லீவில் முதல்முறை இறங்கி நான் அலறியபோது எனக்கு வாய்த்தவன் நீ.

"டேய் படிச்சவனே, காலைப் பாக்காத. என் வாயைப் பாரு."

பார்த்தேன். எரிச்சல் நின்றது. அன்று உன்னைப் பெரிய வைத்தியன் என்று நினைத்தேன். மனிதனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கவனிக்க முடியும், உன்னைக் கவனித்தால் வலி வெளியே நிற்கும் என்பது வரை புரிந்தது. அதோடு சேர்ந்து வேறு எதெல்லாம் வெளியே நிற்கும் என்று யோசிக்கவில்லை. முருகேசன் காலில் கண்ணாடி ஏறியது நினைவிருக்கிறதா? உன் கதையில் மூழ்கி மத்தியானம் வரை வாரினான். அப்புறம் பாத்தியைப் பார்த்து, "ஏம்பா, இது யாரு ரத்தம்?" என்று விசாரித்தான். அதையும் உன் சாதனையாகத்தான் ஊரில் சொன்னார்கள்.

பிறகு அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரிக்குத் தினமும் மத்தியானம் வந்தாய். "வாடா வாயாடி" என்பாள் அவள். ஊசிக்கு அடங்காதது உனக்கு அடங்கியது. அவள் சிரித்தாள் என்பதை நான் மறைக்கப்போவதில்லை. நர்ஸ்கூட உனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள்.

என் தங்கை மஞ்சு, கூனிமேட்டில் ஒரு பாய் வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து அம்மா அவள் பெயரை எடுத்ததில்லை. அந்தக் கடைசி மத்தியானம் எடுத்தாள். வலி முறுக்கும்போதுதான் எடுத்தாள். வலி விட்டிருந்தால் வீம்பு திரும்பியிருக்கும்.

"டேய், மஞ்சுகிட்ட ஒண்ணு சொல்லணும்டா..."

முகம் கோணியது. அடுத்த மூச்சில் வந்துவிடும் என்று குனிந்தேன். உனக்குத்தான் அந்த முகம் தாங்கவில்லை.

"யம்மா, அதை வுடு! நம்ம காண்ட்ராக்டர் விக்கு வாங்குன கதை தெரியுமா உனக்கு?"

காண்ட்ராக்டர் வழுக்கையை மறைக்கப் புது விக்கோடு உப்பளத்துக்கு வந்தார். கடல் காற்றில் அது பறந்து பாத்தியில் விழுந்தது. கூச்சப்பட்டு யாரும் எடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. மறுநாள் உப்புப் பூத்து சட்டி மாதிரி விறைத்துக் கிடந்ததை எடுத்துத் தட்டிப் போட்டுக்கொண்டு, "எல்லாரும் வேலையைப் பாருங்கப்பா" என்றார். அவர் நடந்தபோது தோளில் உப்பு உதிர்ந்தது. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அடங்கியதும் கேட்டேன். "மஞ்சுகிட்ட என்னம்மா சொல்லணும்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "என்னமோ சொல்ல வந்தேன்டா. இவன் கதையில மறந்தே பூட்டுது. ஞாபகம் வந்தா சொல்றேன்."

"வலியும் மறந்து பூட்டுதுல்ல?" என்றாய், பரிசு வாங்கப் போகிறவன் முகத்தோடு.

அன்று சாயங்காலம் மஞ்சுவுக்குப் போன் செய்தேன். "அம்மா உன் பேரைச் சொன்னாங்க, ஏதோ சொல்லணுமாம், காலையில வந்துடு" என்றேன். விடிவதற்குள் அம்மா போய்விட்டாள். வலி தெரியாமல் போனாள் என்று ஊரே உன்னைப் பாராட்டியது. உன் சாவுக்கு வந்தவர்களும் அதையேதான், உன்னைப் போலவே நிறுத்தாமல், பேசிக்கொண்டிருந்தார்கள்.

அம்மா அந்த மத்தியானம் என்ன சேலை கட்டியிருந்தாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் கையைப் பிடித்தாளா என்பதும் தெரியாது. விக்கு விழுந்தது எந்தப் பாத்தியில், காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடித்தது என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். அம்மாவின் கடைசி நாளிலிருந்து என்னோடு வந்துகொண்டிருப்பது அதுதான்.

அம்மாவை எடுத்துக்கொண்டு போய்ச் சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் வாசலில் மஞ்சு கேட்டாள்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"சொல்ல வந்து மறந்துட்டாங்க மஞ்சு."

"பெத்த பொண்ணுக்குச் சொல்ல வந்ததையா? திட்டினாங்கன்னா திட்டினாங்கன்னு சொல்லுண்ணா. எதுக்கு மறைக்கிற?"

நீ என் பக்கத்தில்தான் நின்றாய். அவள் அழ ஆரம்பித்ததும், நீ வாயைத் திறந்தாய்.

"மஞ்சு, அதை வுடு. நேத்து அம்மா எப்படிச் சிரிச்சுது தெரியுமா? நம்ம காண்ட்ராக்டர் ஒரு விக்கு..."

மஞ்சு செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். கருமாதிக்கு அவள் வரவில்லை.