நிறுத்திய குளிசை

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா?

கொழும்புக் கிளினிக்கில் அன்று நான் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். குளிசை போட்டு முகம் ஊதியதால் ஆறு வாரமாக அதை நிறுத்தியிருந்தேன். என் உடம்பே உண்டாக்கி என் இரத்தக்குழாய்களையே தாக்கும் பிறபொருளெதிரியின் அளவு இரத்தப் பரிசோதனையில் கூடியிருந்தது.

“குளிசை வேலை செய்யேல்லை. இனி ஊசி மருந்துதான்” என்றார் டொக்டர்.

மல்லாவியைச் சேர்ந்த நேர்ஸ் அக்கா சிரித்தார். “தங்கச்சி, குளிசையை மீனுக்கோ போட்டனீர்?”

“ஒழுங்காப் போடுறன் அக்கா” என்றேன். நீங்கள் எனக்காக வெள்ளி விரதம் இருப்பது நினைவு வந்து, வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

இப்போது நன்றாகச் சாப்பிடுகிறேன். வார்ட்டில் உடுக்க உங்கள் பழைய சோட்டி ஒன்றை பஸ்ஸில் கொடுத்துவிடுங்கள். துவைக்க வேண்டாம்.

கிளினிக்குக்கு மறுநாளே திரும்பப் போய் டொக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அதற்குள் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருந்ததால் ஊசி மருந்தையே ஏற்றினார்கள்.

மகள்,
கௌசலா