பிள்ளையார் கோயில் கல்லும் என் கையெழுத்தும்

3 நவம்பர், திங்கள்

விடியலிலிருந்து மழை. தோ பாயோ பஸ் நிலையத்துல குடைக் கம்பி முறிஞ்சு போச்சு. நாள் முழுக்க ஆபீஸ்ல ஈர ஷூவோட.

புது வேலைன்னு வந்தது பழைய வேலைதான். தமிழ்நாட்டுக் கடற்கரையில இருக்கிற அந்த எரிவாயு மின்நிலையம். கார்பன் கிரெடிட் திட்டமாப் பதிவாகி ரெண்டு தவணை முடிஞ்சிருச்சு, ஏழும் ஏழும் பதினாலு வருஷம். இப்ப கடைசி ஏழு. நீட்டிக்கலாமான்னு சரிபார்த்துக் கையெழுத்துப் போடணும். முதல் தடவை நேர்ல போய்ப் பார்த்து, "தகுதி உண்டு"ன்னு எழுதிக் கொடுத்தவ நான்தான். ஃபைலைத் திறந்தா என் பழைய கையெழுத்து, கோமதின்னு வளைச்சு வளைச்சு. அப்பல்லாம் கையெழுத்துப் போடறதே ஒரு பெருமை.

பாஸ் லிம்முக்கு ஒரே குஷி. தெரிஞ்ச ஆலை, தெரிஞ்ச ஆளுங்க, ஈசி லா, ரெண்டு வாரத்துல முடிச்சிடுன்னாரு.

பார்க்க வேண்டியவை:
– கேஸ் மீட்டர் சான்றிதழ்கள்
– மின் உற்பத்திப் பதிவு
– நிலக்கரி ஒப்பீடு, புது முறைப்படி
– குடை

சாப்பிடும்போது செல்வம் கேட்டாரு, கேஸை எரிக்கிறதுக்கு எதுக்கு கிரெடிட்டுன்னு. கல்யாணமாகி இருபத்து மூணு வருஷம், இப்பத்தான் கேக்கத் தோணியிருக்கு மனுஷனுக்கு. சொன்னேன். கேஸை எரிச்சு ஒரு டர்பைன் சுத்துது. அதுல வர்ற சூட்டை வெளிய விடாம தண்ணியைக் கொதிக்க வச்சு, அந்த ஆவியில இன்னொரு டர்பைன். ஒரே நெருப்பை ரெண்டு தடவை வேலை வாங்கறது. அதே கரண்டுக்கு நிலக்கரி எரிச்சா புகை ரெண்டு மடங்குக்கும் மேல. அந்த வித்தியாசம்தான் கிரெடிட். ஆனா ஒரு நிபந்தனை: கிரெடிட் கிடைக்கும்னு நம்பித்தான் இந்த ஆலையைக் கட்டினோம், இல்லேன்னா நிலக்கரிக்கே போயிருப்போம்னு காட்டணும்.

"இங்க ஜூரோங் மின்நிலையத்துலயும் கேஸ்தானே எரியுது, நமக்கு யாரு கிரெடிட் தர்றா?"ன்னாரு. நமக்கு எப்படியும் கேஸ்தான், அதனால கிடையாதுன்னேன்.

"அவங்களுக்கும் எப்படியும் கேஸ்தானா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

காகிதத்துலன்னேன். ரசம் ஊத்திக்கிட்டாரு.

4 நவம்பர், செவ்வாய்

வெயில். குடை வாங்கல.

மீட்டர் சான்றிதழ்ல ஒண்ணு காணோம். ஆலைக்கு மெயில் போட்டேன், கொஞ்சம் காட்டமா. பத்து நிமிஷத்துல அனுப்பிட்டாங்க. என்னை அங்க "கண்ணாடி மேடம்"னு சொல்வாங்களாம், மூக்குக் கண்ணாடியத் தூக்கி விட்டுக்கிட்டு ஒவ்வொரு மீட்டர் ஸ்டிக்கரையும் படிப்பேன்னு. சொல்லட்டும். முப்பது அடி ஏணி ஏறி ஸ்டிக்கர் பார்த்தவ நான். ஆண் ஆடிட்டருங்க கீழ நின்னு போட்டோ எடுத்துட்டுப் போவாங்க.

அந்தப் பக்கம் மெயில் எழுதறது ரங்கநாதன் சார். முதல் தடவை போனப்ப அவர் கட்டுமானத்துல இளம் இன்ஜினியர், என்னைச் சுத்திக் காட்டினவர். இப்ப ஆலைத் தலைவர். "மேடம் வர்றீங்கன்னா எங்களுக்குக் கவலையே இல்ல"ன்னு எழுதியிருக்காரு.

மதியம் வெஜிடபிள் பிரியாணி. உப்பு ஜாஸ்தி.

6 நவம்பர், வியாழன்

செல்வம் லீவு. பழைய லேப்டாப்பைக் குப்பைக்குப் போடறதுக்கு முன்னால போட்டோவையெல்லாம் எடுத்து வைக்கிறாரு. ஆபீஸ்லேருந்து வந்ததும் கூப்பிட்டாரு, "இங்க பாரு, ஆடிட்டர் அம்மா பக்திப் பரவசத்துல!"

அந்த ஆலைதான். வாசல் பக்கத்துல சின்னப் பிள்ளையார் கோயில், ஆலைக்காரங்க கட்டினது. நெத்தி நிறைய விபூதி, கையில பொங்கல் தொன்னை, நான் சிரிக்கிறேன். ரங்கநாதன் சார் எடுத்து அனுப்பின படம். பின்னால சுவத்துல ஒரு கல், எழுத்து வெட்டினது.

சிரிச்சிட்டு விட்டிருக்கலாம். பழக்க தோஷம், பெரிசாக்கிப் பார்த்தேன்.

"பார்த்திப வருடம் தை மாதம் வளர்பிறையில் இவ்வாலைக்குப் பூமி பூஜை செய்த இடம்."

பார்த்திப எந்த வருஷம்? சித்திரை பிறந்தா புது வருஷப் பேரு வானொலியில சொல்வாங்க, மறு நாளே மறந்துருவேன். போன்ல தேடினேன். வந்த பதில் பிடிக்கல. இன்னொரு இடத்துல தேடினேன். அதே பதில்.

குழம்பு அடிப்பிடிச்சிருச்சு.

7 நவம்பர், வெள்ளி

வேலை முடிஞ்சு சிராங்கூன் ரோடு. தேக்கா பக்கம் நடக்க இடமில்லை, வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டம். பூஜைச் சாமான் கடையில பஞ்சாங்கம் கேட்டேன், அறுபது வருஷப் பேரும் ஆங்கில வருஷமும் பக்கத்துப் பக்கத்துல போட்டது. போன்ல பார்த்தா போதாதான்னா, எனக்குப் போதாது. அச்சடிச்சதுல பார்க்கணும்.

கடைக்காரர் கேட்டாரு, "ஜாதகத்துக்காம்மா? பிள்ளை எந்த வருஷம்?"

பார்த்திப, தைன்னேன். அவரே 2006ல விரல் வச்சுக் காட்டினாரு. பொண்ணா பையனான்னு கேட்டாரு. பொண்ணுன்னுட்டேன். நல்லா இருக்கும்மா, கவலைப்படாதீங்கன்னு மல்லிகை ரெண்டு முழம் சேர்த்துக் கட்டிக் கொடுத்தாரு.

பஸ்ஸுல உட்கார்ந்து விரல் விட்டுப் பார்த்தேன். கிரெடிட்டை நம்பித்தான் கேஸ் ஆலை கட்டறோம்னு போர்டு தீர்மானம் போட்ட கூட்டக் குறிப்பு ஃபைல்ல இருக்கு. நான் பார்த்து டிக் போட்டது. அது பூமி பூஜைக்கு ஒன்பது மாசம் அப்புறம்.

8 நவம்பர், சனி

மழை. எங்கேயும் போகல. துணி காயல.

ஃபைல் முழுக்கத் திரும்பப் படிச்சேன். வேலை தொடங்கின நாள்னு நான் ஒத்துக்கிட்டது கட்டுமான ஒப்பந்தத் தேதி. கூட்டக் குறிப்புக்கு ரெண்டு மாசம் அப்புறம். அழகா வரிசையா இருக்கு, முதல்ல தீர்மானம், பிறகு ஒப்பந்தம், பிறகு கட்டடம். லிம் பார்த்தாலும் டிக் போடுவாரு. வேற நாட்டு ஆடிட்டர் யாரு பார்த்தாலும் போடுவாங்க.

ஆனா நான் பார்த்திருக்கேனே. நம்ம ஆளுங்க எப்போ பூமி பூஜை போடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? மெஷினுக்கு முன்பணம் கட்டாம, எல்லாம் உறுதியாகாம, யாரும் ஐயரைக் கூப்பிட மாட்டாங்க. கல்யாணம் நிச்சயம் ஆகாம பந்தக்கால் நடுவாங்களா? அந்தக் கல்லுக்கு முன்னால நின்னவங்கள்ல அது தெரிஞ்ச ஒரே ஆடிட்டர் நான்.

இப்ப நல்லா ஞாபகம் வருது. கோயில் வாசல்ல ஷூவைக் கழட்டினேன். ஹெல்மெட்டைக் கழட்டினேன். நோட்டுப் புத்தகம், கேமரா எல்லாத்தையும் பையில போட்டு ஷூ பக்கத்துல வச்சேன். சாமி இடத்துல என்ன ஆடிட்டுன்னு. முப்பது அடி ஏறி ஸ்டிக்கர் படிச்சவ, கண்ணுக்கு நேரா இருந்த கல்லைப் படிக்கல. கண்ணை மூடிக்கிட்டுக் கும்பிட்டேன்.

பதினாலு வருஷம் அந்தக் கிரெடிட்டை வாங்கினவங்க எல்லாம், அதைக் காட்டி அவங்கவங்க புகையை விட்டிருப்பாங்க. எங்கேயோ குறைஞ்சிருச்சுன்னு நம்பி. எங்கேயும் குறையல. எப்படியும் வந்திருக்கும் ஆலை அது. வெக்கமா இருக்கு. சாப்பாட்டைப் பாதியிலயே மூடி வச்சேன். செல்வம் உடம்புக்கு என்னன்னாரு. சொன்னேன், எல்லாத்தையும். அப்புறம், "தெரியாமத்தானே செஞ்சே"ன்னாரு. அதுதான் தாங்கல.

10 நவம்பர், திங்கள்

லிம்கிட்ட சொன்னேன், கதவைச் சாத்திக்கிட்டு. போட்டோவைக் காட்டினேன், பஞ்சாங்கத்தையும். பாவம், அந்த மஞ்சள் அட்டைப் புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சிருந்தாரு.

அவர் சொன்னது மூணு. ஒண்ணு, பூஜைங்கிறது சடங்கு, தொடக்கமாகாது. ரெண்டு, நீட்டிப்புல, கிரெடிட்டை நம்பித்தான் கட்டினாங்களாங்கிற கேள்வியை விதிப்படி திரும்பத் திறக்கவே வேண்டாம், நம்ம வேலை மீட்டரும் ஒப்பீடும்தான். மூணாவது மெதுவாச் சொன்னாரு: நம்ம கம்பெனியோட அங்கீகாரம் போயிரும், கூடவே இங்க பதினோரு பேரோட வேலையும். உன் லைசென்ஸ் முதல்ல போகும் கோமதி.

அவர் கெட்டவர் இல்ல. என் பிரசவத்துல எனக்காக ஆறு மாசம் வேலையைத் தாங்கினவர். விதியைப் பத்திச் சொன்னதும் சரிதான். ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. கேக்க வேண்டிய இடத்துல இருந்தவ நான், நான்தான் கேக்கல.

முதல் பாயிண்ட் மட்டும் உறுத்துது. சடங்குதானா? ஆலையிலயே கேக்கணும். நாளைக்கு.

குடை வாங்கினேன். கறுப்பு.

11 நவம்பர், செவ்வாய்

காலை பத்தரை. ரங்கநாதன் சாரோட வீடியோ கால். தலை நரைச்சிருச்சு. மீட்டர் விஷயம் பேசி முடிச்சோம். அப்புறம் கேட்டேன், சார், பூமி பூஜை எப்போ நடந்துச்சு?

முகமெல்லாம் மலர்ந்து போச்சு அந்த மனுஷனுக்கு. தை மாசம் மேடம், பொங்கல் கழிச்சு, எனக்கு வேலை கிடைச்ச மூணாவது வாரம்னாரு. மறு நாளே அஸ்திவாரத்துக்குப் பைலிங் மெஷின் இறங்கிடுச்சாம். டர்பைனுக்கு அதுக்கு முந்தின ஐப்பசியிலயே ஆர்டர் போட்டாச்சு, அது வர நாளாகும்ல, அதனாலன்னாரு. நிலக்கரி பத்தி அப்ப பேச்சு இருந்துச்சான்னு கேட்டேன். நிலக்கரியா? இங்க துறைமுகமும் இல்ல, ரயிலும் இல்ல, பைப்லைன் பக்கத்துலயே போகுது, எப்பவும் கேஸ்தான் மேடம்னாரு.

நான் எழுதிக்கிட்டே இருந்தேன். எழுதறதைப் பார்த்து அவர் நிறுத்தினாரு. புரிஞ்சிடுச்சு. கூட்டக் குறிப்பெல்லாம் ஹெட் ஆபீஸ்ல தயார் பண்ணது, எனக்குத் தெரியாதுன்னாரு. கிரெடிட்ல வர்றதுலதான் பக்கத்து மீனவர் குப்பத்துக்குக் குடிதண்ணி மெஷின் ஓடுதுன்னும் சொன்னாரு. கெஞ்சல. தகவல் மாதிரி சொன்னாரு.

அவங்கதான் பொய் சொல்லிட்டாங்கன்னு தெரிஞ்சா எனக்கு ஆறுதலா இருக்கும்னு அஞ்சு நாளா நினைச்சிருந்தேன் போல. வாய் தவறி, ஏன் சார் அன்னிக்கே இதை எங்கிட்ட சொல்லலைன்னுட்டேன்.

"நீங்க கேக்கலையே மேடம். கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன். கல்லு முன்னாலதானே நின்னோம்."

லேப்டாப்பை மூடினேன். அழுகை வந்துச்சு. டாய்லெட்ல போய் அழுதேன், முகம் கழுவினேன்.

12 நவம்பர், புதன்

எழுதிட்டேன். நீட்டிப்பு ரிப்போர்ட் தனி, அதுல கையெழுத்து இல்ல, விலகிக்கிறேன்னு ஒரு வரி. கிரெடிட் கொடுக்கிற பதிவகத்துக்குக் கடிதம் தனி. ஒன்றரைப் பக்கம். டர்பைன் ஆர்டர், பைலிங், பூஜைத் தேதி, கூட்டக் குறிப்பு, இந்த வரிசையில.

கடைசிப் பத்தி பத்துத் தடவை எழுதினேன். லிம் படிச்சாரு. "முந்தைய குழு கவனிக்கத் தவறியது"ன்னு மாத்தச் சொன்னாரு. அந்தக் குழுவுல தமிழ் படிக்கத் தெரிஞ்சது ஒருத்திதான், லிம்னேன். என் பேரைப் போட்டேன். அனுப்பறதுக்கு முன்னால கோப்பி வாங்கிட்டு வந்து என் மேஜையில வச்சாரு. கோசோங், சர்க்கரை போடாதது, என் ருசி அவருக்குத் தெரியும்.

3.40க்கு அனுப்பினேன்.

குப்பத்துத் தண்ணி மெஷின் நினைப்பு போகவே மாட்டேங்குது. அது நின்னா அதுவும் என் கணக்குலதான். அன்னிக்கே கேட்டிருந்தா அந்த மெஷினையே வேற வழியில வச்சிருப்பாங்களோ என்னவோ. செல்வம் இன்னிக்கு சமைச்சாரு. சாம்பார்ல புளி தூக்கல். ரெண்டாவது தடவையும் ஊத்திக்கிட்டேன்.

13 நவம்பர், வியாழன்

மேகமூட்டம். மழை இல்ல.

பதிவகத்திலிருந்து "கிடைத்தது" மட்டும். ஆபீஸ்ல யாரும் என்னை நேராப் பார்க்கல.

பதினோரு மணிக்கு லிம் ஒரு தாள் கொண்டு வந்து வச்சாரு. நான் நேர்ல போய் முதல் கையெழுத்துப் போட்ட திட்டங்கள் எல்லாம். கேஸ் ஆலை, காத்தாலை, சர்க்கரை ஆலை. தாள் ரெண்டு பக்கமும் நிறைஞ்சிருக்கு. கோபமாக் கேக்கல, களைச்சுப் போய்க் கேட்டாரு: இதுல எங்கேயாவது பூஜைத் தேதி கேட்டியா?

மேலிருந்து கீழ வரைக்கும் பார்த்தேன். எல்லா இடத்துலயும் கோயில் இருந்துச்சு. எல்லா இடத்துலயும் ஷூவைக் கழட்டியிருக்கேன். பொங்கல் சாப்பிட்டிருக்கேன், சில இடத்துல ரெண்டாவது தொன்னையும்.

தாள்ல முதல்ல இருந்த ஆலைக்குப் போன் போட்டேன். ரொம்ப நேரம் அடிச்சு எடுத்தாங்க. குரலைக் கேட்டதும் அந்தப் பக்கம் அவ்வளவு சந்தோஷம், "கோமதி மேடமா! எப்படி இருக்கீங்க, எங்க ஊருக்கு எப்ப வர்றீங்க?"

சார், ஒண்ணு கேக்க மறந்துட்டேன்னேன்.