கூட்ஸ் சைடிங்கில் ஒரு மணி

அக்டோபர் 8, வியாழன்

காலை முழுக்க மழை. குடைக்கம்பி ஒன்று முறிந்தது. ஸ்.7 (ஸ்டாண்டர்ட் செவன்) விஞ்ஞான நோட்டுகள் முப்பத்திரண்டு. பத்துதான் திருத்தினேன்.

போன மாசம் வகுப்பில் நான் சொன்னது: "அவனவன் தெருவுல ஒரு தொந்தரவைக் கண்டுபிடி. அதுக்கு உன் கையால ஒரு சாமான் செஞ்சு காட்டு. புஸ்தகத்தைப் பார்த்து எழுதினா மார்க் இல்லை." ஹெட்மாஸ்டர் துரைக்கு இஷ்டமில்லை. பரீட்சையில் இதெல்லாம் வராதாம். ஆனாலும் தடுக்கவில்லை.

இதுவரை வந்தவை:
எலிப்பொறி 3. ஒன்று வேலை செய்கிறது.
தண்ணீர்த் தொட்டிக்குக் கொசு மூடி. நல்லது.
குடை காயவைக்கும் சட்டம். (நானே வாங்கிக்கொள்ளலாம்.)
கனகசபை, லிம், ஜாபார் மூவரும் சேர்ந்து ஒன்று. இன்னும் காட்டவில்லை. படம் மட்டும் நோட்டில்.

சாயங்காலம் ஐந்தேகால். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கும் குறுக்கு வழியில் வீட்டுக்கு. பிரிக்பீல்ட்ஸில் பாதிப் பேர் நடக்கிற வழி. சரக்கு வேகன்களை ஒதுக்கும் கிளைத் தண்டவாளம், கூட்ஸ் சைடிங், அதைத் தாண்டித்தான் போக வேண்டும். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். முன்னால் வெறும் வேகன்கள், பூனை மாதிரி வரும். சாப்பாட்டுக் கூடை சுமக்கும் அஞ்சலைக்கு ஆகஸ்டில் வலது கால் போனது இங்கேதான்.

எனக்கு முன்னால் ஒரு பெண், இடுப்பில் பிள்ளை. தண்டவாளத்துக்கு நாலு அடி இருக்கும்போது எங்கேயோ ஒரு மணி கிணுகிணுவென்று அடித்தது. அவள் சட்டென்று நின்றாள். புகையிலைக் கிட்டங்கி மறைவிலிருந்து ஆறு வேகன்கள் வந்து தாண்டிப் போயின. அவள் என்னைப் பார்த்து, "மூணு நாளா அடிக்குதுங்க. ரயில்வேக்காரங்களுக்கு இப்பத்தான் புத்தி வந்துச்சு" என்றாள்.

மணி ஒரு கம்பத்தில், லாலாங் புல்லுக்குள். கீழே பிஸ்கட் டின்னில் பாட்டரி. கம்பியைப் பிடித்துக்கொண்டே அறுபது கஜம் நடந்தேன். தண்டவாளத்தை ஒட்டி, சிலிப்பர் கட்டையில் அறைந்த ஒரு தகடு. சக்கரம் அதை அமுக்கினால் கம்பியோடு கம்பி தொடும். தகட்டில் பச்சை பெயிண்ட். லிம்முடைய சைக்கிள் மட்கார்ட்.

ஒரு நிமிஷம் சந்தோஷம். பொய் சொல்லக்கூடாது, ஒரு நிமிஷம் முழுக்க.

பிறகுதான் யோசித்தேன். அந்தத் தகடு நிமிர்ந்து சக்கரத்துக்குள் மாட்டினால்? தண்டவாளத்தில் கை வைத்தால் ஜெயில் என்று கேள்வி. எத்தனை வருஷம் என்று தெரியாது. யாரைக் கேட்பது? கேட்டாலே சந்தேகம்.

வீட்டில் மனைவி செல்லத்திடம் சொல்லவில்லை. அவளுக்கு இது ஏழாம் மாசம்.

அக்டோபர் 9, வெள்ளி

வெயில். இடைவேளையில் மூவரையும் நிறுத்திக் கேட்டேன்.

"நான் மாதிரிதானே செய்யச் சொன்னேன்? மேஜை மேல வைக்கிற மாதிரி?"

கனகசபை: "மேசையில வேகன் வராதே, சேர்." திமிர் இல்லை. நிஜமாகவே விளக்கம் சொல்கிறான். (யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அப்பா கூட்ஸ் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி. அப்பாவுக்குத் தெரியாது.)

லிம்: "நிறைய தடவை டெஸ்ட் பண்ணிட்டோம் சார். தகடு ரொம்ப மெலிசு லா. வேகன் சும்மா மிதிச்சிட்டுப் போயிடும்."

ஜாபார் கையைப் பின்னால் மறைத்தான். உள்ளங்கையில் கம்பி கிழித்த கோடு.

"யாராவது பார்த்தாங்களா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தண்டவாளம் பழுதுபார்க்கும் கூலி கேங்கில் வேலை செய்யும் முனியாண்டி முதல் நாளே பார்த்துவிட்டாராம். திட்டவில்லையாம். அஞ்சலை அவருக்குத் தங்கச்சி முறை. தளர்ந்திருந்த ஆணியை அவரே சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாராம்.

"இன்னைக்கு நாலு மணிக்குள்ள கழட்டணும். ஒரு ஆணி மிச்சம் இருக்கக் கூடாது."

"ஓம் சேர்" என்றான் கனகசபை. முகம் வாடிவிட்டது.

சாயங்காலம் ஐந்தரைக்கு அவன் வீட்டுக்கு ஓடி வந்தான். மூச்சு வாங்குகிறது. இரண்டரைக்கே ரயில்வே இன்ஸ்பெக்டர் தண்டவாள டிராலியில் வந்து தகட்டைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் நின்றது முனியாண்டி, கையில் சுத்தியல். யார் வைத்தது என்று கேட்டதற்குத் தெரியாது என்று சொன்னாராம். போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

"அவருக்கு எங்களைத் தெரியும் சேர். பேரே தெரியும். சொல்லேல்ல."

வீட்டுக்குப் போ, யாரிடமும் பேசாதே என்று அனுப்பிவிட்டேன். கதவைச் சாத்தினேன். செல்லம், "யாருங்க அது?" "பையன். நோட்டு கேட்டு வந்தான்."

அக்டோபர் 10, சனி

தூங்கவில்லை. வானம் மூட்டம், மழை இல்லை.

நாவிதர் கடை. கேட்டவை:
"தண்டவாளத்துல குண்டாம்."
"குண்டு இல்ல, கம்பி. கூலி உயர்வு கேட்கிற கூட்டம் வச்சது."
"அவனை ஊருக்குக் கப்பல்ல ஏத்திடுவான் பாரு. இருபது வருஷம் இருந்தாலும் அவ்வளவுதான்."

பாதி முகத்தில் சோப்போடு உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கப் பார்த்தேன். நாவிதர் கேட்டார், "என்ன சார், அதுக்குள்ள?" காய்ச்சல் என்றேன்.

வீட்டுக்கு வந்து நோட்டுக் கட்டைப் பிரித்தேன். கனகசபை நோட்டு, கடைசிக்கு முந்தின பக்கம். தகடு, கம்பி, பாட்டரி, மணி, எல்லாம் அளவோடு. ஓரத்தில் சிவப்பு மை, என் கையெழுத்து: "நன்று. செய்து பார்."

செய்து பார். நான்தான் எழுதியிருக்கிறேன். செப்டம்பர் தேதி போட்டு.

கிழித்து அடுப்பில் போடலாம் என்று எழுந்தேன். அடுப்படியில் செல்லம் இருந்தாள். அரிசி டின்னுக்குள் தள்ளி மேலே அரிசியை மூடினேன். முப்பத்து நாலு வயசு. காலேஜ் படிப்பு. அரிசிக்குள் பையன் நோட்டை ஒளிக்கிறேன்.

யோசித்தவை: வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும். பிரசவம் டிசம்பர். கிள்ளானில் மச்சான் வீடு, இரண்டே அறை. முனியாண்டிக்கு எத்தனை பிள்ளைகள்? தெரியாது. தெரிந்துகொள்ளவும் பயம்.

வீட்டுக்கு முன்னால் சடக்கில் ஒரு மோட்டார் வந்து நின்றது. எதிர்வீட்டு டாக்டருக்கு வந்தது. அது போகும்வரை கதவுக்குப் பின்னால் நின்றேன்.

அக்டோபர் 11, ஞாயிறு

காலை எட்டு மணி. மூவரும் வாசலில். சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்கிறார்கள், ஜாபார் சொங்கோக் தொப்பியோடு. எங்கேயோ விசேஷத்துக்குப் போகிற மாதிரி.

கனகசபை: "சேர், நாங்கள் போலீசுக்குப் போய்ச் சொல்லப் போறம்."

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவருக்கும் வேலை போகும். யோசிச்சியா?"

லிம் குறுக்கே: "அந்த அண்ணே உள்ள இருக்காரு சார்."

பொறு, நாளைக்கு ஹெட்மாஸ்டரிடம் பேசுகிறேன், முறைப்படி போகலாம் என்றேன். நிறைய பேசினேன். முறை, சமயம், பெரியவர்கள், இன்னும் என்னென்னவோ. ஜாபார் அந்த நேரம் முழுக்க என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வகுப்பில் கூட இப்படிப் பார்த்ததில்லை.

அவர்கள் போன பிறகு செல்லம் உள்ளிருந்து வந்தாள். எல்லாம் கேட்டுவிட்டாள்.

"ஏங்க, நாளைக்கு நிஜமா பேசுவீங்களா?"

"பேசுவேன்."

"அரிசி டின்ல நோட்டு இருந்துச்சு. எடுத்து அலமாரியில வச்சிருக்கேன்."

வேறொன்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 12, திங்கள்

மழை. முதல் பீரியட் ஆஜர் எடுத்தேன். கனகசபை இல்லை. லிம் இல்லை. ஜாபார் இல்லை.

முன்பெஞ்சுப் பையன்: "ரயில்வே ஆபீஸ் பக்கம் போனாங்க சார்."

ஹெட்மாஸ்டரிடம் பேச வேண்டும் என்று வீட்டிலிருந்து வரும்போது நாலு வாக்கியம் மனப்பாடம் செய்திருந்தேன். எல்லாம் மறந்தது. நோட்டு பையில் இருந்தது. வகுப்பைப் பக்கத்து வாத்தியாரைப் பார்க்கச் சொல்லிவிட்டு ஓடினேன். குடை இல்லை. நோட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். கால்சட்டை முழங்கால் வரை சேறு.

ரயில்வே ஆபீஸில் இஞ்சினியர் துரை அறை வாசலில் பியூன் தடுத்தான். கதவு பாதி திறந்திருந்தது. மூவரும் மேஜைக்கு முன்னால் வரிசையாக. ஓரத்தில் ஒரு போலீஸ் அதிகாரி. சுவர் ஓரமாக கனகசபையின் அப்பா, நெற்றியில் திருநீறு, வியர்வையில் கரைந்து.

துரை நம்பவில்லை. பிள்ளைகளால் இது முடியாது, அந்தக் கூலிக்காரனைக் காப்பாற்ற யாரோ சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றார். இங்கிலீஷில், மெதுவாக, கோபமே இல்லாமல். அதுதான் எனக்கு அதிகப் பயம்.

"உங்களை இதைச் செய்யச் சொன்னது யார்?"

கனகசபை: "யாரும் சொல்லவில்லை, சார். நாங்களாக."

இதை எழுதத்தான் வேண்டும். அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதி வந்தது. மூச்சு லேசானது. பியூன், "அப்புறம் வாங்க சார்" என்றான். திரும்பிப் போயிருக்கலாம். ஒரு காலைத் திருப்பியும் வைத்தேன்.

அப்போது துரை சொன்னார், "அப்படியானால் நீங்கள் பொய் சொல்கிறீர்கள். போங்கள்."

பியூன் கையைத் தள்ளிவிட்டு உள்ளே போனேன். குரல் கீச்சென்று வந்தது. "நான் சொன்னேன். நான் இவர்கள் வாத்தியார்." நோட்டைப் பிரித்து மேஜையில் வைத்தேன். ஓரங்கள் நனைந்திருந்தன, படம் நனையவில்லை. சிவப்பு மையை விரலால் காட்டினேன்.

துரை வெகு நேரம் படத்தைப் பார்த்தார். பிறகு லிம்மிடம், தகடு எத்தனை கனம், ஏன் இந்தப் பக்கம் வைத்தாய், மழை பெய்தால் தானாக அடிக்காதா என்று கேட்டார். லிம் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். மழைக்கு டயர் ரப்பர் சுற்றியிருக்கிறார்களாம். எனக்கே தெரியாது.

"அரை அங்குலம் உயர்ந்திருந்தால் வேகன் தடம் புரண்டிருக்கலாம். தெரியுமா?"

"தெரியும் சார். அதனால்தான் தண்டவாள மட்டத்துக்குக் கால் அங்குலம் கீழே வைத்தோம்," என்றான் ஜாபார். அவன் பேசி நான் கேட்ட முதல் நீள வாக்கியம்.

போலீஸ் அதிகாரி நோட்டை எடுத்துக்கொண்டார். நான் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டது ஒரு பக்கம். வெளியே வந்ததும் கனகசபையின் அப்பா என்னைத் தாண்டிப் போனார். "நீர் ஒரு படிச்ச மனுசன்" என்றார். அவ்வளவுதான்.

அக்டோபர் 13, செவ்வாய்

மத்தியானம் முனியாண்டியை விட்டுவிட்டார்கள். வேலை போகவில்லை. ஆனால் கிள்ளான் பக்கத்து கேங்குக்கு மாற்றம், நாளைக்கே.

பள்ளி விட்டதும் கேங் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். வழி கேட்டுத்தான் போக முடிந்தது. இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் போனதில்லை. அவர் மனைவி பாய், சட்டி எல்லாம் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். மூன்று பிள்ளைகள். முனியாண்டி ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கப் பார்த்தார், இடது கையை ஊன்ற முடியவில்லை.

"உட்காருங்க" என்றேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. பிறகு சொன்னேன், "வெள்ளிக்கிழமை சாயங்காலமே எனக்குத் தெரியும். திங்கக்கிழமைதான் வந்தேன். பயந்துட்டேன்."

அவர் அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சனிக்கிழமைதாங்க சார் அடிச்சாங்க" என்றார்.

குறை சொல்கிற குரல் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிற குரல். பிறகு, "புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார்.

இல்லை என்றேன். அவர் மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. சாக்கின் வாயை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

அக்டோபர் 14, புதன்

மூவருக்கும் பிரம்படி, ஆளுக்கு ஆறு, பள்ளிக்கூடம் முழுக்கப் பார்க்க. ரயில்வே கேட்டுக்கொண்டதாம், அதோடு விவகாரம் முடிந்தது, போலீஸ் வழக்கு இல்லை. நான் மேடை ஓரத்தில் நிற்க வேண்டும் என்று ஹெட்மாஸ்டர் உத்தரவு. எண்ணினேன். பதினெட்டு. லிம் மட்டும் நாலாவதில் ஒரு சத்தம் போட்டான்.

பிறகு ஹெட்மாஸ்டர் அறை. டைப் அடித்த காகிதம். அனுமதியில்லாமல் மாணவர்களை வெளி வேலைக்குத் தூண்ட மாட்டேன், மீறினால் வேலை நீக்கம். கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு, "அனுமதி கேட்டால் சார்?" என்று கேட்டேன். வாயிலிருந்து எப்படி வந்ததென்று தெரியாது. அவர் காகிதத்தை மடித்து மேஜை இழுப்பறையில் வைத்தார். முடியாது என்று சொல்லவில்லை. முடியும் என்றும் சொல்லவில்லை.

சைடிங் பக்கம் போய்ப் பார்த்தேன். மணி இல்லை, கம்பி இல்லை. புதுசாக ஒரு நோட்டீஸ்: இனி வேகன்களைத் தள்ளும்போது முன்னால் ஒரு ஆள் விசில் ஊதிக்கொண்டு நடக்க வேண்டும். பையன்களைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. ஐந்து மணி வண்டிக்கு ஆள் நடந்தான். விசில் சத்தம் நன்றாகவே கேட்டது.

கனகசபையை அப்பா பள்ளியிலிருந்து நிறுத்தப் போவதாகப் பேச்சு. அவர் வீட்டுக்குப் போனேன். வாசலோடு பேசினார். "யோசிப்பம்" என்றார்.

செல்லத்துக்குக் கால் வீக்கம். டாக்டரிடம் கேட்க வேண்டும்.

அக்டோபர் 15, வியாழன்

மழை இல்லை. ஸ்.7 முதல் பீரியட், நெம்புகோல்.

மூவரும் வந்திருந்தார்கள். கனகசபையும். நோட்டு போலீசிடம் இருப்பதால் தனித்தாள் வைத்திருந்தான். உட்கார முடியாமல் மூவரும் பின் சுவரோரம் நின்றார்கள். வகுப்பில் ஒருவனும் சிரிக்கவில்லை.

நானும் நாற்காலியில் உட்காரவில்லை. நாற்பது நிமிஷம்.