எலும்புக்குத் தெரியாத கோடு

அக்கா,

நேற்று பேத்தி நகப்பூச்சுப் புட்டியைத் திறந்தாள். அறை முழுக்கக் கனிந்த வாழைப்பழ வாடை. நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். "இன்னா ஆயா, உனக்குப் புடிக்கலியா?" என்றாள். ராயபுரம் பட்டறையில் நம் மேசையில் இருந்த பூச்சின் வாடை அது என்று அவளிடம் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

கப்பல்களின் கடிகாரமும் திசைகாட்டியும் பழுதுபார்க்க வரும் பட்டறை. எண்கள் இருட்டில் பச்சையாக ஒளிரவேண்டும் என்று ரேடியம் கலந்த பூச்சை மெல்லிய தூரிகையால் தீட்டுவோம். நீ உலகச் சண்டைக் காலத்திலேயே சேர்ந்தவள். முனை பிரிந்தால் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்குவாயாம். அப்போது யாரும் தடுக்கவில்லை. நான் வந்தபோது அந்தப் பழக்கம் நின்றிருந்தது. மேசையில் படியும் தூசிதான் நிற்கவில்லை.

சுதந்திரம் வந்து சில வருடம் கழித்து ஒரு டாக்டர் வந்தார். ஆளுக்கொரு சின்ன பிலிமைக் கொடுத்து ரவிக்கையில் குத்திக்கொள்ளச் சொன்னார். ரேடியத்தின் கதிர் பட்ட அளவுக்கு அது கறுக்குமாம். கழுவிப் பார்த்தபோது உன்னுடையது அடுப்புக்கரியாக இருந்தது.

எல்லாரையும் கூட்டிவைத்து, இந்த ரேடியம் எலும்பில் போய்த் தங்கும் என்றார் டாக்டர்; ஓர் அளவைச் சொல்லி, அதுதான் கோடு என்றார். அதைத் தாண்டியவர்கள் மேசையை விட்டு எழுந்துவிட வேண்டும். முதலாளி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கெட்டவர் என்று சொல்லமாட்டேன், கப்பல்காரன் காத்திருக்கமாட்டான் என்ற பயம் அவருக்கு.

"நீங்க சொல்லுத அளவுல நின்னா பட்டறையப் பூட்டிட்டுத்தான் போகணும் டாக்டர். கொஞ்சம் கூட்டி வைங்க. உழைச்ச ஒடம்பு, தாங்கும்."

நம்மிலேயே பலர் தலையாட்டினார்கள். எழுந்தால் பெட்டி கட்டும் வேலை, அதற்குக் கூலி குறைவு. "வூட்ல அடுப்பு எரியணுமே" என்றாள் பக்கத்திலிருந்த கன்னியம்மா.

நீ எழுந்தாய். "கோட்ட நீங்க தள்ளிப் போட்டா, உள்ள கீற எலும்புக்கு அது தெரியுமா சார்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "என் அளவுக்குள்ள இருந்தா ஒண்ணுமே ஆகாதுன்னு நானும் சொல்லலம்மா. இவ்வளவு ஆபத்துக்கு ஒத்துக்கலாம்னு வெச்சிருக்கோம்."

"யாரு ஒத்துகினது?"

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். எந்த அளவு வேண்டும் என்று கை தூக்கச் சொன்னார்கள். முதலாளியின் அளவுதான் ஜெயித்தது. ஆனாலும் நீ உட்காரவில்லை.

"எங்களுக்கு இன்னா அளவோ வெச்சிக்கோ நைனா. புள்ளத்தாச்சி மட்டும் மேசையில குந்தக் கூடாது."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாய். நான் ஒருத்தரிடமும் மூச்சு விட்டதில்லை. குழாயடியில் நான் வாந்தியெடுத்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

"அப்போ இவ வேலைய யாரு பாப்பா?" என்றார் முதலாளி, உன் பார்வை போன பக்கம் திரும்பி.

"நான் பாக்கறேன்."

வெளியே வந்ததும் உன்னிடம் சண்டை போட்டேன். உன் பிலிம் கறுத்திருந்ததை மறந்துவிட்டாயா என்று கத்தினேன். நீ புடவைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாய். "எனக்குள்ள போனது போயிடுச்சிமே. உன்னுது இப்பத்தான் வந்துகினு கீது. வுடு."

என் மகளுக்குப் பால்பல் முளைத்த சமயம் உனக்குப் பல் ஆடத் தொடங்கியது. பிடுங்கிய இடம் ஆறவேயில்லை. தாடையெலும்பு செல்லரித்த மரம்போல் உதிர்ந்தது. ஆஸ்பத்திரிக்குக் குழந்தையைத் தூக்கி வந்தால், சீழ் வாடை அவளுக்கு ஆகாது என்று சைகையிலேயே தள்ளி நிற்கச் சொல்வாய். ஒருநாள் அவள் உன்னைப் பார்த்துச் சிரித்தாள். பேச வராத உன் வாய்க்குள்ளிருந்து ஏதோ சத்தம் வந்தது. திருப்பிச் சிரிக்கிறாய் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

காசிமேட்டில் உன்னைப் புதைத்த மறுவாரம் டாக்டர் சொன்ன அளவையே முதலாளி பலகையில் எழுதி மாட்டினார். எந்தக் கூட்டமும் போடவில்லை, யாரும் கை தூக்கவும் இல்லை. அந்த அளவையும் பிற்பாடு உலகத்தில் குறைத்துக்கொண்டே வந்தார்களாம். ஒவ்வொரு தடவை கேள்விப்படும்போதும், நேற்றுவரை சரி என்றிருந்த அளவைச் சுமந்தவர்கள் எங்கே என்றுதான் மனம் போகிறது.

மகள் இப்போது நீ போன வயதைத் தாண்டிவிட்டாள். ஓயாமல் வாயாடுகிறாள், கரும்பைக் கடித்துத் துப்புகிறாள். எதிரே உட்கார்ந்து நான் அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருப்பேன். "இன்னாம்மா அப்டிப் பாக்கற?" என்பாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, இன்னும் ஒரு கழி உடைத்துக் கொடுப்பேன்.