ஜூலையில் நின்றுபோன ஜீப்

ஜூன் 27
கடைசிப் பெட்டியையும் மாட்டியாயிற்று, சுரங்கக் கம்பெனியின் ஜீப்பில். மேய்ச்சல் மலையில் போன் கோபுரம் இல்லை. எனவே வண்டிகளே தபால்காரர்கள். போனில் எழுதும் கடிதம் பெட்டியில் ஏறும்; இரண்டு வண்டிகள் கடக்கும்போது ஒரு பெட்டியிலிருந்து மற்றதற்குக் கம்பியில்லாமல் தாவும். ஊருக்கு அடிக்கடி போகும் வண்டிக்கே கொடு, கொடுத்ததும் உன் பிரதியை அழி. இந்த விதியை எழுதியவள் நான். ஜீப் தினமும் ஊருக்குப் போகிறது. அத்தை மகன் அந்தேயின் பிக்கப் வாரம் ஒருமுறை.

"நம்ம மலையைத் தோண்ட வந்தவன்கிட்டயே நம்ம தபாலக் குடுக்கறியா ரிஸ்தென்?" என்றான்.

"பெட்டிக்கு ஆளைத் தெரியாது. வண்டியத்தான் தெரியும்." பெருமையாகச் சொன்னேன்.

ஜூலை 4
கம்பெனிக்காரர்கள் மலையில் துளையிட அனுமதி கேட்டிருக்கிறார்கள். ஆட்சேபணை 15ஆம் தேதிக்குள் அனுமதி அலுவலகத்துக்குப் போக வேண்டும். வேண்டுமென்றேதான் இந்த மாதம் — துருவமான் கன்றுகளுக்குக் காதில் அடையாளம் வெட்ட நம் ஆட்கள் எல்லோரும் மலைமேல் இருக்கும்போது. மேய்ச்சல் சங்கத் தலைவி மாரெத் அத்தை. அவள் கையெழுத்தும், மான்கள் கன்று ஈனும் இடங்களின் வரைபடமும் வேண்டும். பெட்டி வழியாகச் சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 7
அத்தையின் பதில் வந்தது. "படம் தயார். நாளைக்கு அந்தே வண்டில ஏத்தறேன். நீ இருக்கறப்ப எனக்கென்ன கவலை."

ஜூலை 11
வரவில்லை.

ஜூலை 12
வரவில்லை.

ஜூலை 13
அந்தே மாவும் பெட்ரோலும் வாங்க வந்தான். அவன் பெட்டி காலி.

"வெள்ளிக்கிழமையே வழியில ஜீப்புக்குத் தாவிருச்சு. பச்சை விளக்கு எரிஞ்சுது. குடுத்தாச்சுன்னு நீதான சொல்லிக் குடுத்த?"

ஜீப் ஊருக்கு வரவில்லை. வெள்ளி மாலை கம்பெனிக்காரர்கள் மலையிலுள்ள தங்கள் முகாமின் தகரக் கொட்டகையில் அதைப் பூட்டிவிட்டு ஹெலிகாப்டரில் கிளம்பிவிட்டார்கள். நான்கு வாரக் கோடை விடுமுறை. ஜூலையில் ஒருவரும் வேலைக்குப் போக மாட்டார்கள் என்று இந்த நாட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். என் விதிக்குத் தெரியவில்லை. ஜூன் மாதத்தைப் பார்த்து ஜூலையைக் கணித்தது.

எனக்குமா தெரியாது?

ஜூலை 14
அந்தேயும் நானும் முகாமுக்குப் போனோம். பெரிய பூட்டு. தகரத்தைத் தாண்டி என் கருவிக்கு ஒன்றும் எட்டவில்லை. அந்தே கடப்பாரையை எடுத்தான்.

"ஒடைக்கட்டுமா?"

"வேணாம். நம்மளத் திருடங்கன்னு எழுத அவங்களுக்கு அது போதும்."

அத்தை மந்தையோடு வண்டி போகாத உயரத்துக்கு ஏறிவிட்டாள்; அங்கிருந்து ஒன்றரை நாள் நடை, கெடுவோ நாளைக்கு. திரும்பினோம். உடைத்திருக்கலாம். உடைத்திருக்க வேண்டும்.

ஜூலை 15
படமும் இல்லாமல் கையெழுத்தும் இல்லாமல் நானே நாலு வரி எழுதி அலுவலகத்துக்கு அனுப்பினேன். உடனே தானியங்கிப் பதில்: ஆகஸ்ட் முதல் வாரம்வரை விடுமுறை. படிக்க ஆளில்லாத அலுவலகத்துக்குக் கெடு மட்டும் இருக்கிறது.

ஆகஸ்ட் 8
காலை 7:12. ஜீப் ஊருக்குள் வந்தது. அத்தையின் கடிதமும் வந்தது, ஓர் எழுத்துக்கூடச் சிதையாமல். உடனே அனுப்பினேன்.

ஆகஸ்ட் 10
அலுவலகத்தின் பதில்: கெடு முடிந்ததால் ஏற்க முடியாது. நான் எழுதிய நாலு வரி? அனுப்பியவர் சங்கத் தலைவர் அல்ல.

செப்டம்பர் 20
எங்கள் பெட்டித் திட்டத்தின் தலைவர் லென்னார்ட் கூட்டத்தில் அறிக்கை படித்தார். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு கடிதங்கள் சேர்ந்தன. அத்தையின் கடிதமும் அந்தத் தொண்ணூற்று நான்கில் ஒன்று.

"அது ஒரு மாசம் கழிச்சு வந்துது" என்றேன்.

"ஆனா தொலையலையே ரிஸ்தென். அதுதான இதோட அழகு."

கைதட்டினார்கள். நான் தட்டவில்லை என்று எழுத ஆசை. தட்டினேன்.

அக்டோபர் 3
அத்தை கீழே வந்தாள். திட்டவில்லை. "உன் பெட்டிய அந்தே வண்டிலேருந்து கழட்டிக்கோ, அந்த இடத்துல நாய் படுக்கட்டும்" என்றாள்.

ஜனவரி 19
துளையிடும் இடத்துக்காகக் கம்பெனி கோபுரம் நட்டுவிட்டது. மலை முழுக்க முழு சிக்னல். அத்தை தொழுவத்திலிருந்து போன் செய்தாள், முதல்முறையாக.

"கேக்குதா?"

"நல்லாக் கேக்குது அத்தை."

அவளுக்குப் பின்னால் துளையிடும் சத்தம். அதுவும் நன்றாகக் கேட்டது.